பதிவு பிறக்கும் வேளையில்

திருவண்ணாமலையில் ஒருவர் மனை வாங்குவதாகக் கொள்வோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாகிறது. முன்னாளில் அவருடைய அலைச்சல் அதன் பிறகுதான் தொடங்கும். பட்டாவில் பெயர் மாற்றத் தனியே மனுச் செய்ய வேண்டும். மறந்தால், ஆண்டுக்கணக்கில் விற்றவர் பெயரிலேயே பட்டா கிடக்கும். 2018 பிப்ரவரியில் தமிழகப் பதிவுத்துறை ஸ்டார் 2.0 என்னும் இணையவழி மென்பொருளுக்கு மாறியது. இன்று பத்திர விவரம் வருவாய்த்துறையின் தமிழ்நிலம் தரவுத்தளத்துக்குச் செல்கிறது. உட்பிரிவு தேவைப்படாத நிலமாயின் பட்டா தானாகவே மாற வழியுண்டு. உட்பிரிவு வேண்டுமெனில் நில அளவர் நேரில் வந்து அளந்தே ஆக வேண்டும். அங்கே கணிப்பொறி கைகட்டி நிற்கும்!

ஒரு பதிவு உண்டானதும் மற்றொரு வேலை தானே நடக்கும்படி நிரல் எழுதுவது எவ்வாறு? நம் துறை மாணவர் பலரும் பழகும் ஜாங்கோவைக் கொண்டே பார்ப்போம்.

பதிவைச் சேமிக்கும் முன் ஜாங்கோ எழுப்பும் சைகை பிரீ-சேவ். சேமித்த பின் எழுப்புவது போஸ்ட்-சேவ். நாம் எழுதிய நிரற்கூற்றை இவற்றோடு இணைத்துவிட்டால், உரிய வேளையில் அது இயங்கும். தடுக்க வேண்டியவற்றை முன்னதில் வைக்கலாம். கோயில் நிலத்தை உரிய அனுமதியின்றி விற்கும் பத்திரத்தை மறுக்கப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு இடந்தருகிறதல்லவா? அத்தகைய சோதனை, பதிவு பிறக்கும் முன்பே நடக்க வேண்டியதாகும்.

போஸ்ட்-சேவ் புதிய பதிவுக்கு மட்டுமன்றி, திருத்தத்துக்கும் எழும். 'கிரியேட்டட்' என்ற மதிப்பு உண்மையா எனப் பார்க்காவிடில், எழுத்துப்பிழை திருத்தும்போதெல்லாம் வாங்கியவருக்கு வாழ்த்துக் குறுஞ்செய்தி போய்க்கொண்டிருக்கும்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. பல பதிவுகளை ஒரே பரிவர்த்தனையாக எழுதும்போது, போஸ்ட்-சேவ் எழும் நேரத்தில் அப்பரிவர்த்தனை முடிந்திருப்பதில்லை. அடுத்த வரியில் பிழை நேர்ந்தால் அனைத்தும் அழிந்துவிடும். ஆனால் அனுப்பிய குறுஞ்செய்தி திரும்பி வராது. நிலம் தமதென்று ஒருவர் கையில் செய்தி இருக்கும், ஏட்டில் இராது. சோழர் காலத்தில் மன்னனின் நிலக்கொடை ஆணை, ஓலையில் எழுதப்பட்டு, அதிகாரிகள் பலரின் கைமாறி, வரிக்கணக்கில் ஏற்றப்பட்டது. அந்த இறுதிப் படியை 'வரியிலிடுதல்' என்பர். ஜாங்கோவின் ஆன்-கமிட் நம் நிரலை அப்படிக்குக் காத்திருக்க வைக்கிறது. வெளியுலகுக்குச் செல்லும் எதையும் அங்கேதான் இணைக்க வேண்டும் என்பது என் கருத்து.

நான் ஏமாந்த இடம் வேறு. பயிற்சிக்காக எழுதிய சேர்க்கை நிரலில் ஒவ்வொரு மாணவருக்கும் போஸ்ட்-சேவ் வழியே வரிசை எண் அளித்திருந்தேன். ஒவ்வொருவராகச் சேர்த்தபோது அழகாக வேலை செய்தது. நேரம் மிச்சமாகட்டுமென்று முழுப் பட்டியலையும் பல்க்-கிரியேட் கொண்டு ஏற்றினேன். ஒருவருக்கும் எண் இல்லை! பல்க்-கிரியேட் இச்சைகைகளை எழுப்புவதே இல்லை என்பதைப் பிறகே படித்தறிந்தேன்.

அவ்வாறு தப்பவிடக் கூடாத வேலையைத் தரவுத்தளத்திலேயே டிரிக்கராக எழுதிவிடலாம். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு வரிசைக்குமான இன்செர்ட் டிரிக்கர், ஒன்றாகச் சேர்த்தாலும் ஆயிரமாகச் சேர்த்தாலும் இயங்கும். அதில் பிழை நேர்ந்தால் மூலப் பதிவும் உடன் விழும் என்பதால் சிறிய வேலையே அதற்குத் தகும்.

ஆன்-கமிட்டிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பரிவர்த்தனை முடிந்து, செய்தி புறப்படும் முன் மின்சாரம் போனால்? பதிவு நிற்கும், செய்தி தொலையும். ஆகவே 'அனுப்ப வேண்டியவை' என்ற தனி அட்டவணையில், அதே பரிவர்த்தனையிலேயே ஒரு வரி எழுதிவைப்பர். வேறொரு நிரல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பி, அனுப்பியதற்குக் குறியிடும். குறியிடும் முன் அந்நிரலே நின்றுபோனால் ஒரே செய்தி இருமுறை செல்லக்கூடும். பட்டா மாறியதாக இருமுறை கேட்பதில் எவருக்கும் நட்டமில்லை.