மனநல மருத்துவத்தின் வாயிலை அடைவோர் யாவர்?

முன்னுரை

உடலில் நோய் தோன்றினால் அரசு மருத்துவமனையில் சீட்டுப் பெற்று வரிசையில் நிற்க நாம் நாணுவதில்லை. உள்ளத்தில் நோய் தோன்றினாலோ அண்டை வீட்டாருக்கும் தெரியாமல் மறைக்கின்றோம். இந்திய நாட்டில் அரசின் மனநல மருத்துவ வசதிகளை நாடுவோர் யாவர், நாடாதோர் யாவர் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வசதிகளின் வளர்ச்சி

1794-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காப்பகமே இன்றைய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் முன்னோடி. நெடுங்காலம் இம்மருத்துவம் பெருநகரங்களின் மதில்களுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. 1982-இல் தேசிய மனநலத் திட்டமும், 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமும் தோன்றின. நான்கு மாவட்டங்களில் தொடங்கிய பின்னது, மருத்துவத்தை மக்களின் ஊருக்கு அருகே கொண்டுவர முயன்றது.

எண்கள் உணர்த்தும் உண்மை

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் ஆய்வு நடத்தியது. வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினர் அப்போது மனநோய்க்கு ஆட்பட்டிருந்தனர். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான நோயுடையோருள் நூற்றுக்கு 85 பேரும், மதுவால் நலிந்தோருள் 86 பேரும், கடுமையான மனநோயுடையோருள் ஏறத்தாழ 74 பேரும் அரசு, தனியார் என எவ்விடத்தும் சிகிச்சை பெறவில்லை.

இதனின்றும் பெறப்படுவது யாது? பிறர் கண்ணுக்குப் புலப்படும் நோயாளர் ஓரளவேனும் மருத்துவரிடம் அழைத்து வரப்படுகின்றனர். மௌனமாய் வாடுவோர் வருவதில்லை. அடுக்களையில் அழும் தாயின் சோர்வு குணமெனக் கருதப்படுகிறது; குடிகாரரின் நோய் ஒழுக்கக்கேடெனத் தள்ளப்படுகிறது. மேலும், மருந்து இலவசமாயினும் வழிச்செலவும் இழந்த நாட்கூலியும் இலவசமல்ல. துணைக்கு வர ஒருவரில்லாதார் வாயிலை அடைவதே அரிது.

வேறிடம் சென்றோர்

மருத்துவமனைக்கு வாராதோருள் பலர் வழிபாட்டிடங்களை நாடினர். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். நாட்டையே உலுக்கிய அத்துயரம் நமக்கு ஒரு பாடம்.

நம்பிக்கையைப் பழிப்பது இதற்குத் தீர்வன்று. குஜராத்தின் உனாவா ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில் 2008-இல், துஆவுடன் மருந்தும் சேர்ந்த ஒரு திட்டம் தொடங்கிற்று. தர்காவின் முஜாவர்களே நோயாளரை அங்குள்ள மனநல மருத்துவரிடம் அனுப்பினர். தாம் மதிக்கும் ஒருவர் சொல்லக் கேட்டு, முன்பு வர மறுத்தோரும் மருந்துண்ண இசைந்தனர். பின்னர் ஏர்வாடியிலும் இம்முறை மேற்கொள்ளப்பட்டது. துஆ மருந்தைத் தடுப்பதில்லை; மருந்து துஆவை மறுப்பதுமில்லை.

முடிவுரை

2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், அரசிடம் மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. நோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்தது. 2022 முதல் 14416 என்னும் எண்ணில் தொலைபேசி வழியாகவும் இலவச ஆலோசனை கிடைக்கின்றது. ஆயினும் சட்டமும் எண்ணும் நோயாளரின் கைபிடித்து அழைத்துச் செல்வதில்லை. அக்கடமை நம்முடையது. ஊர்ப் பெரியோர் ‘மருத்துவரிடம் செல்க’ என ஒரு சொல் சொல்வதும், மாணவர் தம் தெருவில் வாடும் ஒருவருக்கு வழித்துணையாய்ச் செல்வதும் பேருதவியாகும். வாயில் திறந்தே இருக்கின்றது. அதனை அடையத் துணையின்றி நிற்போருக்குத் துணையாவோமாக!