விளையாட்டு ஒதுக்கீடு: பி.டி. மாஸ்டரை மட்டும் நம்பினால் போதாது

பிள்ளை மாநில அளவில் ஆடிவிட்டால், காலேஜ் சீட்டை பி.டி. மாஸ்டர் பார்த்துக்கொள்வார் என்று கொங்குப் பக்கத்தில் பல பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அவருக்கு ஆட்டம் அத்துப்படி. சேர்க்கை விதி வேறு சங்கதி. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு மாநிலம் முழுவதற்குமாக 500 இடங்கள். அங்கே தரவரிசையைத் தீர்மானிப்பது கட்-ஆஃப் அல்ல, சான்றிதழ்களுக்குக் கிடைக்கும் மதிப்பெண். பொங்கல் கபடியில் வாங்கிய கோப்பை ஷோகேஸுக்கு அழகு, அவ்வளவுதான். அங்கீகாரம் பெற்ற சங்கமோ பள்ளிக்கல்வித் துறையோ நடத்திய போட்டியின் சான்று, கலந்தாய்வுத் தகவல் கையேட்டில் உள்ள படிவத்தில், உரியவர் கையொப்பத்தோடு வேண்டும். சங்கச் செயலாளர் மாறிவிட்டால் பழைய கையெழுத்துக்கு அலைய நேரும். ஆடிய ஆண்டிலேயே வாங்கிவிடுங்கள். ஆட்டம் இருந்தால் படிப்பு எதற்கு என்பதும் செல்லாது: பொதுப்பிரிவினருக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியலில் 45 சதவீதம் இங்கும் கட்டாயம்.

500 இடத்துக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால், இதற்கு வெளியே, கோவைக் கல்லூரிகள் பல தாங்களே களத் தேர்வு வைத்து வீரர்களை எடுக்கின்றன. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆட 25 வயது வரை இடமிருப்பதால், பிளஸ் டூ முடித்துவரும் பையன் அவர்களுக்குப் பல ஆண்டுக்குப் பயன்படுவான். ரிசல்ட்டுக்கு முன்பே கல்லூரி உடற்கல்வி இயக்குநரைப் பாருங்கள். கட்டணச் சலுகை, ஹாஸ்டல், காயம்பட்டு ஆட முடியாமல் போனால் சலுகை தொடருமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.