மலைக்குப் போகும் பழைய சாலை

பள்ளி விடுமுறை தொடங்கிய அன்று மாலை, படிவம் மூன்றில் பயிலும் மகள் வீட்டு மேசையின்மேல் பேராக் மாநில வரைபடத்தை விரித்து வைத்தாள். அவளுடைய தந்தை காய்கறி லாரி ஓட்டுநர். கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோசு, தக்காளி, கீரை முதலியவற்றை ஏற்றிச் சென்று கோலாலம்பூர்ச் சந்தையில் சேர்ப்பது அவருடைய வேலை.

“அப்பா, நீங்கள் எத்தனையோ முறை மலைக்குப் போய் வந்திருக்கிறீர்கள். வழியில் எங்காவது இறங்கிப் பார்த்ததுண்டா?” என்று கேட்டாள்.

தந்தை சற்று யோசித்தார். “எங்கேம்மா நேரம்? ஏறும்போது பொழுது சாய்ந்துவிடும். இறங்கும்போது நள்ளிரவாகிவிடும். அடுத்த வளைவு எங்கே என்பதுதான் கண்ணுக்குத் தெரியும்” என்றார்.

அந்தப் பதில் மகளின் மனத்தை உறுத்தியது. குடும்பத்துக்கே சோறு போடும் சாலையை அப்பா பகலில் நின்று பார்த்ததே இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு ஓய்வு நாள். தாயார் கணக்குப் பார்த்து 150 ரிங்கிட்டை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார். “இதற்குள் அடங்கினால் போகலாம். உணவு நம் வீட்டிலிருந்தே வரும்” என்றார். பயணத்தைத் திட்டமிடும் பொறுப்பு மகளிடம் வந்தது. அவள் குறிப்பேட்டை எடுத்து, கட்டணம் அதிகம் கேட்கும் பூங்காக்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்டாள். மலை உச்சியில் பார்க்க வேண்டியவற்றைக் குறைத்து, வழியில் நிற்க வேண்டிய இடங்களைக் கூட்டினாள்.

விடியற்காலையில் அவர்களின் மகிழுந்து தெலுக் இந்தானிலிருந்து புறப்பட்டுத் தாப்பாவை அடைந்தது. கேமரன் மலைக்கு இன்று ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயிலிருந்து அகலமான ஒரு சாலை உண்டு. ஆனால், மலைக்கு முதன்முதலில் வழி திறந்தது தாப்பாச் சாலைதான். 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. ஆயினும், வாகனம் செல்லும் சாலை 1931ஆம் ஆண்டில்தான் நிறைவுபெற்றது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். காட்டையும் ஓடைகளையும் ஒட்டி, பாம்புபோல் நெளிந்து நெளிந்து அது மேலேறுகிறது.

முதல் நிறுத்தம் தாப்பாவிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலா வோ. ஆறுகள் கூடும் இடத்தை மலாய்மொழியில் ‘கோலா’ என்பர். அங்கே ஒருபுறம் குளிர்ந்த ஆறு ஓடுகிறது. அதன் அருகிலேயே வெந்நீர் ஊற்று சுரக்கிறது. தம்பி ஒரு காலை ஆற்றிலும் மறுகாலை இளஞ்சூடான நீரிலும் வைத்துப் பார்க்க முயன்றான். வழுக்கி விழுந்து நனைந்ததுதான் மிச்சம்.

“அக்கா, இங்கே எரிமலை இருக்கிறதா?” என்று ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டான்.

“இல்லைடா. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியாக மிக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமியின் உள்ளே போகப் போகச் சூடு கூடும். அங்கே சூடேறிய நீர் மீண்டும் மேலே வருகிறது” என்று தமக்கை விளக்கினாள். வெந்நீர் ஊற்றுகள் சிலவற்றில் கை வைக்க முடியாத சூடு இருக்கும் என்பதால், தாயார் முதலில் தொட்டுப் பார்த்த பிறகே பிள்ளைகளை இறங்கவிட்டார். எலுமிச்சைச் சோறும் அவித்த முட்டையும் காலை உணவாயின. உணவு மிச்சங்களையும் நெகிழிப் பைகளையும் அவர்கள் மகிழுந்திலேயே திரும்ப எடுத்து வைத்துக்கொண்டனர்.

அங்கிருந்து மேலே செல்லச் செல்ல, சாலையோரம் அருவியின் இரைச்சல் கேட்டது. அதுதான் லாத்தா இஸ்கண்டார். பாறைப் படிகளில் தாவித் தாவி இறங்கும் வெண்ணிற நீர் சாலையிலிருந்தே தெரிகிறது. பார்ப்பதற்குப் பணம் வேண்டாம். நிற்பதற்கு மனம் இருந்தால் போதும்.

அருவிக்கு அருகில் சிறு கடைகள் இருந்தன. இம்மலைச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் செமாய் என்னும் பூர்வகுடி மக்கள். கேமரன் இங்கே வருவதற்கு நெடுங்காலம் முன்பே இக்காட்டின் ஒவ்வோர் ஓடைக்கும் பெயர் வைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒரு கடையில் செமாய்ப் பெண்ணொருவர் பெத்தாய்க் காய்களைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டிருந்தார். காட்டுத்தேன் புட்டிகளும் இருந்தன. தாயார் மலாயில் விலை கேட்டார். ஒரு கட்டு 10 ரிங்கிட் என்றார் அந்தப் பெண். “குறைத்துக் கொடுங்கள்” என்று தாயார் பேரம் பேசத் தொடங்கினார்.

அந்தப் பெண் சினங்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே சாலைக்கு எதிர்ப்புறம் கைகாட்டினார். அங்கே மற்ற மரங்களையெல்லாம் தாண்டி ஒரு பெத்தாய் மரம் நின்றது. கிளைகளே இல்லாத அதன் அடிமரம் நெடுந்தூரம் உயர்ந்து சென்று, உச்சியில் மட்டும் குடைபோல் விரிந்திருந்தது. “என் கணவர் அதில்தான் ஏறுகிறார். மழை பெய்தால் ஏற முடியாது. நிறைய வண்டிகள் போகின்றன, சில வண்டிகள்தாம் நிற்கின்றன” என்றார்.

தாயார் மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் 10 ரிங்கிட்டை நீட்டினார். மகள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

பேராக் மாநிலத்தைக் கடந்து பகாங் எல்லைக்குள் நுழைந்ததும் காற்று மாறியது. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும். தந்தை குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடிகளைக் கீழே இறக்கினார். மலைமேல் வரும் முதல் சிற்றூர் ரிங்லெட். அதைத் தாண்டியதும் ஓர் ஏரி தெரிந்தது. 1963ஆம் ஆண்டு கட்டப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் பின்னால் தேங்கிய ஏரி அது. தந்தை வண்டியைப் பாதுகாப்பான ஓர் இடத்தில் ஓரங்கட்டினார்.

தம்பிதான் முதலில் கவனித்தான். “அக்கா, அருவித் தண்ணீர் வெள்ளையாக இருந்ததே! இது ஏன் தேநீர் மாதிரி இருக்கிறது?”

மகள் வரைபடத்தில் ஒரு நீலக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். அது பெர்த்தாம் ஆறு. பிரிஞ்சாங் மலைப் பகுதியில் தோன்றி, பிரிஞ்சாங், தானா ராத்தா ஆகிய ஊர்களின் வழியே பாய்ந்து இந்த ஏரியில் சேர்கிறது. லாத்தா இஸ்கண்டாருக்கு மேலே அடர்ந்த காடு இருக்கிறது. காட்டில் பெய்யும் மழையை இலைகள் தாங்குகின்றன. வேர்கள் மண்ணைப் பிடித்து வைக்கின்றன. ஆனால், பெர்த்தாம் ஆற்றின் கரைகளிலும் சரிவுகளிலும் பல இடங்களில் காடு அழிக்கப்பட்டுத் தோட்டங்களும் கட்டடங்களும் எழுந்துள்ளன. பிடிமானம் இழந்த மண் மழையில் கரைந்து ஆற்றில் இறங்குகிறது. அது ஏரியின் அடியில் வண்டலாகப் படிகிறது. வண்டல் ஏற ஏற, ஏரியில் நீர் நிற்கும் இடம் குறைகிறது. அதனால் வண்டலை இயந்திரங்கொண்டு அள்ளி அகற்றும் வேலை நடந்துகொண்டே இருக்க வேண்டியுள்ளது. ஏரி நிறைந்துவிட்டால் பெருமழைக் காலத்தில் அணையைத் திறந்துவிட நேரும். அப்போது ஆபத்தைச் சந்திப்பவர்கள் அணைக்குக் கீழே ஆற்றோரம் குடியிருப்பவர்கள்.

தந்தை நெடுநேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் ஏற்றிப் போகிற முட்டைக்கோசெல்லாம் இந்தச் சரிவுகளில் விளைந்ததுதான்” என்றார் மெதுவாக.

“அப்படியானால் தோட்டக்காரர்கள்மேல்தான் தப்பா, அப்பா?” என்று தம்பி கேட்டான்.

“அப்படிச் சொல்லிவிட முடியாது. சந்தையில் காய்கறி மலிவாக வேண்டும் என்று கேட்பவர்கள் நாமும்தான். அவர்களும் பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும். ஆனால், சரிவைப் படிப்படியாக வெட்டிப் பயிரிடலாம். ஆற்றோரத்து மரங்களை விட்டுவைக்கலாம். ஓடும் மண்ணைத் தடுக்கக் குழி வெட்டலாம். இதற்கெல்லாம் செலவாகும். அந்தச் செலவைச் செய்யாவிட்டால், கணக்கு வேறு யார் தலையிலாவது விழும்” என்றார் தந்தை.

சாலை மேலும் ஏறியது. ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையில் தேயிலைத் தோட்டங்கள் பச்சைக் கம்பளமாய்ப் பள்ளத்தாக்கில் விரிந்து கிடந்தன. 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட போ தோட்டமும் 1930களில் தோன்றிய பாரத் தோட்டமும் இம்மலையின் பழைய தோட்டங்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் இத்தோட்டங்களில் கொழுந்து பறித்தனர். அவர்களின் லயன் வீடுகளை ஒட்டிக் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் எழுந்தன. அன்று கூடையை முதுகில் சுமந்து கையால் பறித்தார்கள். இன்று பல இடங்களில் இயந்திரம் கொழுந்தை வெட்டுகிறது. வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் அவ்வேலையைச் செய்கிறார்கள்.

சாலையோரத் தேநீர்க் கடையில் நான்கு பேரும் அமர்ந்தனர். தேநீருக்கும் பலகாரத்துக்கும் 24 ரிங்கிட் ஆயிற்று. தாயார் குவளையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, “என் பாட்டி கொழுந்து பறித்தவர். விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருக்கும். ஆனால், இந்த மாதிரி உட்கார்ந்து மலையைப் பார்த்தபடி தேநீர் குடித்திருப்பாரா, தெரியவில்லை” என்றார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

தானா ராத்தாவில் வண்டியை நிறுத்திவிட்டு, ஊருக்கு அருகிலேயே உள்ள பாரிட் அருவிக்கு நடந்து சென்றார்கள். பிறகு சாலையோரக் கடையில் 12 ரிங்கிட்டுக்கு அவித்த சோளம் வாங்கித் தின்றார்கள். வீட்டுக்கு 20 ரிங்கிட்டுக்குக் காய்கறி வாங்கியபோது, விலை கேட்டதோடு சரி. தாயார் பேரம் பேசவில்லை. இருட்டும் முன்பே மலையிலிருந்து இறங்கத் தொடங்கினார்கள். வளைவுச் சாலையில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்பது தந்தைக்கு நன்றாகத் தெரியும்.

இறங்கும் வழியில் மகள் மற்றொரு செய்தியைச் சொன்னாள். “அந்த ஏரி நீர் அங்கேயே நிற்பதில்லை, அப்பா. மலையைக் குடைந்து அமைத்த சுரங்க வழியாக ஜோர் மின்நிலையத்துக்கு இறங்குகிறது. அந்த நிலையமே நிலத்துக்கு அடியில்தான் இருக்கிறது. பிறகு இன்னும் கீழே இறங்கி, வோ மின்நிலையத்திலும் மின்சாரம் தருகிறது. இயல்பாக ஓடியிருந்தால் பகாங் ஆற்றோடு சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய நீர் அது. இப்போது மலையின் இந்தப் பக்கம் திரும்பி, பேராக் ஆற்றோடு கலக்கிறது.”

“பேராக் ஆறா? நம் ஊர் ஆறா?” என்று தம்பி வியந்தான்.

தெலுக் இந்தானை அடைந்தபோது வானம் சிவந்திருந்தது. தந்தை நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஆற்றோரமாக வண்டியை நிறுத்தினார். பேராக் ஆறு அகன்று, கலங்கி, ஓசையின்றிக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நால்வரும் இறங்கி நின்றனர்.

மகள் குறிப்பேட்டில் கணக்கை முடித்தாள். பெட்ரோல் 60, பெத்தாய் 10, தேநீர் 24, சோளம் 12, காய்கறி 20. மொத்தம் 126 ரிங்கிட். மிச்சம் 24 ரிங்கிட். உறையைத் தாயாரிடம் நீட்டினாள்.

“உன்னிடமே இருக்கட்டும். அடுத்த பயணத்துக்கு ஆகும்” என்றார் தாயார்.

தந்தை ஆற்றிலிருந்து பார்வையை எடுக்காமலே, “செவ்வாய்க்கிழமை மறுபடியும் மலைக்குப் போக வேண்டும். கொஞ்சம் முன்னதாகவே புறப்பட்டு, அந்தப் பெத்தாய்க் கடையில் நிற்கப் போகிறேன்” என்றார்.

சிந்தித்து விடையளி

1. மகள் பயணத்தைத் திட்டமிட முன்வந்ததற்கான காரணம் யாது?
2. தாயார் பெத்தாய்க்குப் பேரம் பேசுவதை நிறுத்தியது ஏன்?
3. லாத்தா இஸ்கண்டார் அருவி நீருக்கும் ரிங்லெட் ஏரி நீருக்கும் உள்ள வேறுபாட்டையும் அதன் காரணத்தையும் விளக்குக.
4. “கணக்கு வேறு யார் தலையிலாவது விழும்” என்று தந்தை கூறியதன் பொருள் என்ன? உம் கருத்தை எடுத்துக்காட்டுடன் எழுதுக.
5. உம் ஊரிலிருந்து 150 ரிங்கிட்டுக்குள் ஒரு நாள் பயணத்தைத் திட்டமிடுக. வழியில் நிற்க விரும்பும் மூன்று இடங்களையும் அவற்றைத் தேர்ந்தெடுத்த காரணங்களையும் குழுவில் கலந்துரையாடுக.