மென்பொருள் புதிதாகும்போது நம் அமைப்புகள் எங்கே போகின்றன?

'புதிய பதிப்பு தயார்' என்ற அறிவிப்பு வந்ததும் பொத்தானை அழுத்திவிட்டு மீ கோரேங் சாப்பிடக் கிளம்பும் நண்பர்கள் நம் கழகங்களில் நிறையப் பேர் உண்டு. திரும்பி வந்து பார்த்தால் மென்பொருள் புதிதாக இருக்கும். ஆனால், பல மாதங்களாகப் பார்த்துப் பார்த்து ஒழுங்குபடுத்திய குறுக்குவிசைகளும் பலகங்களின் இருப்பிடமும் காணாமல் போயிருக்கும். ஆண்டிதழ் வேலை நடக்கும் மாதத்தில் இப்படி நேர்ந்தால், அச்சகத்துக்குக் கொடுத்த வாக்கு என்னாவது? இதழ்க்குழுவில் பக்க வடிவமைப்பைக் கவனிப்பவன் நான். அடுத்து இந்த நாற்காலியில் அமரப்போகும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முன்பு இந்தத் தொல்லை குறைவு. ஒரு வட்டை வாங்கினால் பல ஆண்டுகளுக்கு அதுவே ஓடும். 2013-இல் அடோபி நிறுவனம், இனிப் புதிய பதிப்புகள் சந்தா முறையில் மட்டுமே என்று அறிவித்தது. அதன்பின் ஃபோட்டோஷாப், இன்டிசைன் போன்றவற்றுக்கு ஏறக்குறைய ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு வருகிறது. அதாவது, நம் பட்டப்படிப்பு முடிவதற்குள் இரண்டு மூன்று முறையாவது வீடு மாற வேண்டியிருக்கிறது.

நாம் செய்யும் அமைப்புகள் இரண்டு இடங்களில் தங்குகின்றன. சில, நாம் சேமிக்கும் கோப்புக்குள்ளேயே இருக்கும். பத்திப் பாணிகள், எழுத்துப் பாணிகள், பக்க ஓரங்கள், வண்ணப் பட்டியல் ஆகியவை அவ்வகை. கோப்பு போகுமிடமெல்லாம் அவையும் போகும். மற்றவை கோப்புக்கு வெளியே, நம் பயனர் கணக்கின்கீழ் ஒரு மறைவான கோப்புறையில் இருக்கும். அந்தக் கோப்புறை பதிப்பு எண்ணைத் தாங்கியே இருக்கிறது. புதிய பதிப்பு தனக்கெனப் புதுக் கோப்புறையை உருவாக்கிக்கொள்கிறது. ஆகவே, காணாமல் போனதாக நாம் நினைப்பவை பெரும்பாலும் அழிவதில்லை. பழைய வீட்டிலேயே கிடக்கின்றன.

தமிழில் வேலை செய்வோருக்கு இது வெறும் வசதி பற்றிய பேச்சு அன்று. இன்டிசைனில் இயல்பாக வரும் 'அடோபி பேராகிராஃப் கம்போசர்' ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு ஏற்றது. அதில் தமிழை இட்டால், 'கொ' என்பதில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்விடும். 'கு', 'மு' போன்றவை உடைந்து நிற்கும். 'வேர்ல்ட்-ரெடி பேராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் ஒருங்குறித் தமிழ் ஒழுங்காக அமையும். எந்தக் கோப்பும் திறந்திராத நிலையில் இதைத் தேர்ந்தெடுத்தால், இனித் தொடங்கும் புதுக் கோப்புகளுக்கெல்லாம் அதுவே இயல்பாகிவிடும். வசதிதான். ஆனால், அந்த இயல்பு கோப்புக்கு வெளியே சேமிக்கப்படுகிறது. புதிய பதிப்புக்கு அது வந்து சேராவிட்டால் பழைய பக்கங்கள் சரியாகத் தெரியும், புதிதாகத் தொடங்கும் பக்கம் மட்டும் சிதையும். உடனே பலர் எழுத்துருவைத்தான் குறை சொல்வார்கள். பாவம் எழுத்துரு! ஒவ்வொரு பத்திப் பாணியிலும் 'ஜஸ்டிஃபிகேஷன்' பகுதியில் இந்தக் கம்போசரைக் குறித்துவிட்டு, வெற்றுப் பக்கங்களோடு அதை ஒரு வார்ப்புருவாகச் சேமித்துவிடுங்கள். பிறகு எத்தனை பதிப்பு மாறினாலும் கவலையில்லை.

வார்ப்புருவுக்குள் அடங்காதவையும் உண்டு. எனக்கு முன் இப்பணியைச் செய்த அக்கா, பட்டம் பெற்றுச் செல்லும்போது ஒரு கோப்புறையைத் தந்துவிட்டுப் போனார். அதில் இருந்தவை 'ஃபைண்ட்/சேஞ்ச்' கட்டளைகள். இரட்டை இடைவெளியை ஒற்றையாக்குவது, நேர்கோட்டு மேற்கோள் குறிகளை வளைப்பது என்று பல. எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. 'ஒரு' என்ற சொல்லை அடுத்து இடைவெளியும், அதன்பின் அ முதல் ஔ வரையுள்ள ஓர் உயிரெழுத்தும் வந்தால், அது 'ஓர்' என்று மாற்றிவிடும். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் சிவப்பு மையால் எத்தனையோ முறை வட்டமிட்ட பிழையல்லவா அது! படிவம் ஒன்றிலிருந்து மலாயில் படித்து வளர்ந்த எங்களில் பலருக்கு அந்த விதி எழுதும் வேகத்தில் நழுவிவிடுகிறது. அக்காவின் கட்டளைக்கு நழுவுவதில்லை. (சிறுகதை உரையாடல்களில் மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். தோட்டத்துப் பாட்டி 'ஓர் ஆளு' என்று பேசமாட்டார்.)

இந்தக் கட்டளைகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு கோப்புதான். விண்டோஸில் பயனர் கோப்புறையின்கீழ் 'ஆப்டேட்டா', 'ரோமிங்', 'அடோபி', 'இன்டிசைன்' என்று உள்ளே போனால், பதிப்பு எண்ணுள்ள கோப்புறைக்குள் 'ஃபைண்ட்-சேஞ்ச் குவெரீஸ்' இருக்கும். மேக் கணினியில் 'லைப்ரரி', பிறகு 'பிரிஃபரன்சஸ்' வழியாகப் போக வேண்டும். இரண்டிலும் அந்தப் பாதை மறைக்கப்பட்டிருக்கும் என்பதால், மறைந்த கோப்புறைகளைக் காட்டச் சொல்லித் தேடுங்கள். கட்டளைகளையும், பக்கத்திலுள்ள குறுக்குவிசைக் கோப்புகளையும் நகலெடுத்துப் புதிய பதிப்பின் அதே பெயருள்ள கோப்புறையில் இட்டால் போதும். 'இன்டிசைன் டிஃபால்ட்ஸ்' என்ற கோப்பை மட்டும் அப்படிக் கொண்டுபோக வேண்டாம். அது அந்தந்தப் பதிப்புக்கே உரியது.

ஃபோட்டோஷாப் சற்று எளிது. 'எடிட்' பட்டியில் 'பிரீசெட்ஸ்' என்பதன்கீழ் ஏற்றுமதி, இறக்குமதி வசதிகள் உள்ளன. 'ஆக்‌ஷன்'களைச் சேமிக்கும்போது தனி ஆக்‌ஷனை அன்று, அது அடங்கிய தொகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சேமிக்கும் கட்டளை மங்கலாகவே இருக்கும். வெளியாரிடம் வாங்கிய செருகுநிரல்களைப் புதிய பதிப்பில் மீண்டும் நிறுவ வேண்டியதுதான், வேறு வழியில்லை.

கிரியேட்டிவ் கிளவுட் வழியாகப் புதிய பதிப்பை நிறுவும்போது, கூடுதல் தெரிவுகளில் இரண்டு கட்டங்களைக் காணலாம். பழைய அமைப்புகளை இறக்குமதி செய்வது ஒன்று. பழைய பதிப்பை நீக்குவது மற்றொன்று. முதலாவதைக் குறியிடுங்கள், இரண்டாவதன் குறியை எடுத்துவிடுங்கள். பழையதும் புதியதும் ஒரே கணினியில் சண்டையின்றி இருக்கும். பின்னாளில் பழையதை நீக்கும்போது, அதன் விருப்ப அமைப்புகளை வைத்திருக்கவா என்று கேட்கும், வைத்திருக்கச் சொல்லுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இதழ் வேலை முடியும்வரை அணைத்து வைப்பதே என் வழக்கம்.

குழுவாக வேலை செய்யும்போது இன்னொரு சிக்கல் உண்டு. புதிய இன்டிசைனில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு அப்படியே திறக்காது. ஐ.டி.எம்.எல். வடிவில் ஏற்றுமதி செய்துதான் தர வேண்டும். புதிய பதிப்பின் சிறப்பு வசதிகள் அதில் நிற்குமென்ற உறுதியில்லை. ஆகவே, குழுவில் ஒருவர் மட்டும் முந்திக்கொண்டு மாறுவது நல்லதன்று. பழைய இதழ்க் கோப்புகளைத் திறக்க நினைப்போர் எழுத்துருக்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 'டைப் 1' வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டது.

அக்கா தந்த கோப்புறையில் இப்போது வார்ப்புருவும் குறுக்குவிசைகளும் ஆக்‌ஷன்களும் சேர்ந்துள்ளன. எந்தக் கோப்பு எந்தப் பதிப்பில் செய்தது, எங்கே இட வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பும் வைத்திருக்கிறேன். ஒரு நகல் கழகத்தின் இணையச் சேமிப்பகத்தில் இருக்கிறது. மற்றொன்று பென் டிரைவில், கழக அறை அலமாரியின் இரண்டாம் தட்டில்.