தாவரச் சாறும் புற்றுநோய்ச் சோதனையும்

தாவரங்களின் புற்றுநோய் எதிர்ப்புத் திறனை அறிவதில் முதற்படி ஆய்வுக்கூடச் சோதனையாகும். இலை, பட்டை அல்லது வேரை உலர்த்திப் பொடியாக்கி, ஆல்கஹால் போன்ற கரைப்பானில் ஊறவைத்துச் சாறு எடுக்கின்றனர். குழித்தட்டுகளில் வளர்க்கப்படும் மனிதப் புற்றுநோய் உயிரணுக்களுக்கு அதனைப் பல அளவுகளில் இடுகின்றனர். இரண்டு, மூன்று நாட்களுக்குப் பின், எஞ்சிய உயிரணுக்களைச் சாயமேற்றி அளவிடுகின்றனர். வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் அளவு எவ்வளவு குறைவோ, சாற்றின் வீரியம் அவ்வளவு மிகுதி.

எனினும் வீரியம் மட்டும் மருந்தாகிவிடாது. உயிரணுவை எந்த நஞ்சும் கொல்லும். நலமான உயிரணுக்களுக்கு ஊறு குறைவாக இருத்தல் வேண்டும். 1966-ல் சீன மரமொன்றிலிருந்து அமெரிக்காவில் பிரித்தெடுக்கப்பட்ட கேம்ப்டோதெசின் இதற்குச் சான்று. நோயாளிகளிடம் கடும் நச்சு விளைவுகள் தோன்றியதால் 1970-களில் அதன் சோதனை கைவிடப்பட்டது. அதன் வேதியியல் அமைப்பைத் திருத்தி உருவாக்கிய டோப்போடெகான் என்னும் மருந்து 1996-ல்தான் அங்கு அனுமதி பெற்றது.

இதே பொருள் மேற்குத் தொடர்ச்சி மலை மரமொன்றிலும் இருப்பதை கோவிந்தாச்சாரி, விசுவநாதன் ஆகியோர் 1972-ல் வெளியிட்டனர். பின்னர் அம்மரம் பெருமளவில் வெட்டப்பட்டு அருகிவருகிறது.

ஆகவே, ஆய்வுக்கூட வெற்றியைக் கேட்டு நோயாளி தம் சிகிச்சையைக் கைவிடலாகாது. மருந்து தேடும் நாடு, மரத்தைக் காக்கவும் மறத்தலாகாது.