பைத்தான் 2-இலிருந்து 3-க்கு: வகுத்தல் கணக்கைப் பாருங்கள்

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு, ஏன் தொடணும்?" பழைய நிரலை மாற்றச் சொன்னால் அலுவலகங்களில் எழும் முதல் கேள்வி இதுதான். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. இனி அதில் பாதுகாப்புக் குறை தெரிய வந்தாலும், அதை உருவாக்கியவர்களிடமிருந்து திருத்தம் வராது. ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டும். எப்படி மாற்றுவது?

நமக்குத் தெரிந்த நெல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை அறுவடை மழையோடு வரும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு, தளர்வு அறிவிக்காத நாளில் 17 சதவீதம். ஒரு குவியலில் ஐந்து மாதிரிகள்: 17, 17, 18, 17, 18. கூட்டினால் 87. ஐந்தால் வகுக்க வேண்டும்.

பைத்தான் 2 சொல்லும் விடை: 17. பைத்தான் 3 சொல்லும் விடை: 17.4.

பழைய பதிப்பு, முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமத்தை விட்டுவிடும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. ஆனால் நேற்று தேறிய நெல் இன்று தேறாது.

செய்ய வேண்டியவை:

1. பழைய நிரலையும், சென்ற பருவத்தில் அது தந்த பட்டியல்களையும் தனியாக நகலெடுத்து வையுங்கள்.

2. அடைப்புக்குறி இல்லாத 'பிரிண்ட்' வரிகளைத் திருத்துங்கள். இது சுலபம்; விட்டுப்போனால் புதிய பதிப்பே பிழை காட்டிவிடும்.

3. வகுத்தல் குறி (/) உள்ள ஒவ்வொரு வரியையும் கண்ணால் பாருங்கள். 1,050 கிலோ நெல்லில் 40 கிலோ சிப்பம் எத்தனை? 26 முழுச் சிப்பம், மீதி 10 கிலோ. இங்கே முழு எண்தான் வேண்டும். இரட்டைச் சாய்கோடு (//) போடுங்கள். சராசரிக்கு ஒற்றைக் கோடு போதும்.

4. தமிழ்ப் பெயர்களைச் சோதியுங்கள். 'நெல்' என்ற சொல்லின் நீளம் பழைய பதிப்பின் சாதாரணச் சரத்தில் யுடிஎஃப்-8 முறைப்படி 12, புதியதில் 4. நம் கண்ணுக்கோ இரண்டே எழுத்து! நீளத்தை வைத்துப் பெயரை வெட்டும் வரிகள் இருந்தால் கவனம்.

5. இரண்டு பதிப்பிலும் ஓட்டி, விடைகளை வரிசையாக ஒப்பிடுங்கள்.

விடை மாறினால், பழையதோடு ஒத்துப்போகும்படி சத்தமில்லாமல் திருத்திவிடாதீர்கள். 17.4-ஐ எப்படி எடுத்துக்கொள்வது என்பதை விதி சொல்ல வேண்டும். நிரல் எழுதுபவர் முடிவு செய்யக் கூடாது. பொறுப்பு அலுவலரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். களத்தில் நெல்லைக் கொட்டிக் காத்திருப்பவருக்கு அந்த 0.4 சின்ன எண் இல்லைங்க.