நித்திரையும் இதய நலமும்

மனிதனுடைய வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நித்திரையிலே கழிகின்றது. இதனை வீணே போகும் காலமென்று எண்ணுவோர் பலர். ஆயினும் உடல் தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்வது அந்நேரத்திலேயாகும். பிறந்த நாள் முதலாக ஓயாது இயங்கும் இதயத்துக்கு வேலைப்பளு நன்கு குறைவதும் அப்போதுதான்.

நலமுள்ள ஒருவர் நித்திரை கொள்ளும்போது இதயத்துடிப்பு மெதுவாகின்றது. குருதி அமுக்கம் பகலில் இருந்ததிலும் 10 முதல் 20 வீதம் வரை தாழ்கின்றது. நித்திரை குறைந்தாலோ, இடையிடையே குழம்பினாலோ இவ்விறக்கம் போதியளவு நிகழாது. குருதிக் குழாய்கள் பகலிற் சுமந்த சுமையை இரவிலும் சுமக்க நேரிடும். உடலைப் பரபரப்பாக்கும் ஓமோன்கள் கூடுதலாகச் சுரக்கும். பசி மிகும். குருதியிலுள்ள சீனியின் அளவும் உயரும். இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, மாரடைப்பு, பாரிசவாதம் ஆகியவற்றுக்கு வழி பிறக்கும்.

பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011ஆம் ஆண்டில் வெளியான கணிப்பொன்றின்படி, குறைவாக நித்திரை கொள்வோருக்கு மாரடைப்பு முதலான இதய நாடி நோய்களின் அபாயம் 48 வீதம் அதிகமாகும். அளவுக்கு மிஞ்சி நித்திரை கொள்வோருக்கும் அது 38 வீதம் அதிகமாகவே காணப்பட்டது. மிகை நித்திரை சிலவேளை உடலில் மறைந்துள்ள வேறொரு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். 2022ஆம் ஆண்டில் அமெரிக்க இதயச் சங்கம், இதய நலத்துக்கு இன்றியமையாத எட்டு விடயங்களுள் ஒன்றாக நித்திரையையும் சேர்த்துக்கொண்டது. வளர்ந்தோருக்கு அது கூறும் அளவு 7 முதல் 9 மணித்தியாலம். "வயதானால் நித்திரை தேவையில்லை" என்பது தவறான எண்ணமாகும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 7 முதல் 8 மணித்தியாலம் வேண்டும்.

அளவோடு ஒழுங்கும் முக்கியமானது. ஐக்கிய இராச்சியத்தில் 60,000க்கும் மேற்பட்டோரின் நித்திரையைக் கையில் அணியும் கருவியால் அளந்து செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. எத்தனை மணித்தியாலம் நித்திரை என்பதைவிட, தினமும் ஒரே நேரத்திற் படுத்து ஒரே நேரத்தில் எழும்புகின்றாரா என்பதே அவரது ஆயுளோடு கூடிய தொடர்புடையதாகக் காணப்பட்டது. நம் உடலினுள்ளே ஒரு மணிக்கூடு இயங்குகின்றது. அது செயற்படும் முறையைக் கண்டறிந்த மூன்று அறிஞர்களுக்கு 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. படுக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறினால் அம்மணிக்கூடு குழம்பிவிடும்.

நம் கிராமங்களில் கோயில் மணியோசையோடு எழும்பும் நல்ல வழக்கம் இன்றும் உண்டு. முன்னோர் விளக்கு வைத்து, உண்டு, நேரத்துடன் படுத்தனர். ஆகவே அதிகாலையில் எழும்புவது அவர்களுக்குப் பாரமாகவில்லை. இன்றோ எழும்பும் நேரம் மாறவில்லை, படுக்கும் நேரம் மட்டும் பிந்திவிட்டது. தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் இரவு 11 மணி, 12 மணி வரை கண்களை மூடவிடுவதில்லை. இவ்வாறு விழித்திருந்து காலை நாலரை மணிக்கு எழும்பினால் கிடைப்பது ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேலில்லை. அதிகாலையில் எழும்புதல் நன்மை தருவது, முன்னிரவிற் படுப்பவருக்கே.

குறட்டையையும் அலட்சியம் செய்தலாகாது. "நல்ல நித்திரை" என்று வீட்டார் எண்ணும் பலத்த குறட்டை சிலருக்கு நோயாக இருக்கும். தொண்டை அடைபட்டு மூச்சு இடையிடையே நின்றுபோகும். குருதியில் ஒட்சிசன் குறையும். இதயம் திடுக்குற்று விரைந்து துடிக்கும். நித்திரை கொள்பவருக்கு இது தெரியாது, பக்கத்திற் படுப்பவரே அறிவார். காலையில் தலையிடி, பகலில் இருந்த இடத்திலேயே உறங்கி விழுதல், மருந்தெடுத்தும் குருதி அமுக்கம் குறையாமை என்பன இதன் அடையாளங்களாகும். இத்தகையோர் தாமதியாது வைத்தியரை நாட வேண்டும். இதற்குச் சிகிச்சை உண்டு.

யாவரும் கைக்கொள்ளக்கூடிய சில வழிகள் வருமாறு:

1. படுக்கும் நேரத்தையும் எழும்பும் நேரத்தையும் நிலையாக வைத்துக்கொள்ளல்.
2. இரவுணவைப் படுக்கைக்கு இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு முன்னரே அளவோடு உண்ணல்.
3. மாலைக்குப் பின் கோப்பி, கடுந்தேநீர் ஆகியவற்றைத் தவிர்த்தல்.
4. பகலுறக்கம் அரை மணித்தியாலத்துக்கு மேற்படாதிருத்தல்.
5. கைத்தொலைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்தல்.
6. வைத்தியரின் ஆலோசனையின்றி நித்திரைக் குளிசை பாவியாதிருத்தல்.

சிவராத்திரி விழிப்பு ஆண்டுக்கு ஒருநாள் மேற்கொள்ளும் விரதமாகும். இதய நோயுடையோர் அன்றும் மருந்தை நேரந்தவறாது எடுத்தல் வேண்டும். திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் எழும்புவோர் முதல்நாளிரவு முந்திப் படுத்தல் வேண்டும். ஏனைய இரவுகளை வீண் விழிப்பிற் கழியாது, வீட்டிலுள்ள சிறியோரும் முதியோரும் ஒரே நேரத்தில் விளக்கணைத்துப் படுக்கும் வழக்கத்தை ஒவ்வொரு குடும்பமும் ஏற்படுத்திக்கொள்வது நன்று.